நெல்லிப் போத்தலும் நிறுத்திவிட்ட குளிசையும்



கொஞ்சம் நீண்ட பதிவு. முழுவதும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறோம்.

போன கிழமை நம் ஊர் வட்ஸ்அப் குரூப் ஒன்றில் ஒரு ஜனாஸா அறிவித்தல் வந்தது. வயது 51. மாரடைப்பு. 'இன்னாலில்லாஹி' என்று ஐம்பது பேர் வரிசையாகப் போட்டார்கள். நாங்களும் போட்டோம். அந்த வரிசை முடிய முதலே அதே குரூப்பில் ஒரு விளம்பரம் வந்து விழுந்தது. இதய அடைப்பு நீங்குமாம், கொலஸ்ட்ரோல் கரையுமாம், ஏழு வகை பெர்ரிப் பழங்களும் நெல்லியும் சேர்ந்த பானமாம், இனிக் குளிசையே தேவையில்லையாம். மேலே பிஸ்மில்லாஹ், நடுவில் சிவப்பு இதயம், கீழே விலை 4,500 ரூபா. வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருவார்களாம்.

ஜனாஸா வீட்டுக் கதிரைகளை இன்னும் லொறியில் ஏற்றவில்லை. அதற்குள் வியாபாரம்.

கோபம் வந்தது. ஆனால் அந்த வியாபாரியைத் திட்டும் முன் எங்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் இந்தப் பதிவை எழுத எங்களுக்கு உரிமை இல்லை.

எங்கள் வாப்பா விவசாயி. வயது 63. மூன்று வருடங்களுக்கு முன் முதல் அட்டாக் வந்தது. அல்லாஹ்வின் அருளால் தப்பினார். கிளினிக்கில் நாலு விதக் குளிசை கொடுத்தார்கள். அஸ்பிரின் ஒன்று, இரவில் போட அட்டோர்வாஸ்டட்டின் ஒன்று, பிரஷருக்கு இரண்டு. ஒழுங்காகப் போட்டார். கெட்ட கொலஸ்ட்ரோல் என்று நாம் சொல்லும் எல்டிஎல் 74 வரை இறங்கியிருந்தது. வயலுக்குப் போனார், அஞ்சு நேரமும் பள்ளிக்கு நடந்தே போனார்.

பிறகு ஒரு தெரிந்தவர் இப்படியான ஒரு போத்தலைப் பற்றிச் சொன்னார். "இங்கிலீஷ் மருந்து ஈரலத் தின்னும் காக்கா, இது பழம்தானே, ஒண்டும் செய்யாது" என்றார். வாப்பாவுக்கு ஆசை வந்தது. யார் வாங்கிக் கொடுத்தது? நாங்கள்தான். பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற நாங்கள், எங்கள் சம்பளக் காசில், எங்கள் கையால் மூன்று போத்தல் வாங்கிக் கொடுத்தோம். குளிசையை நிறுத்தியதை அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நாலாவது மாதம் சுபஹுக்கு முன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். 1990க்கு அடித்தோம், அம்புலன்ஸ் வந்தது, உயிர் மிஞ்சியது. எல்டிஎல் 161. இதயம் பம்ப் பண்ணும் சக்தி குறைந்துவிட்டது. இப்போது பள்ளிக்கு ஓட்டோவில் போய்க் கதிரையில் உட்கார்ந்து தொழுகிறார். வயல் குத்தகைக்குப் போய்விட்டது. போத்தல்தான் இதைச் செய்தது என்று டொக்டர் சொல்லவில்லை. "ஒரு முறை அட்டாக் வந்தவர் இந்தக் குளிசையை நிப்பாட்டக் கூடாது சேர், நீங்க படிச்ச ஆள்தானே" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வசனம் எங்களுக்குப் போதும்.

இனி விசயத்துக்கு வருவோம்.

நெல்லி நல்லதா? நல்லது. நாவல் நல்லதா? நல்லது. இதை மறுக்க நாங்கள் வரவில்லை. நெல்லியில் விற்றமின் சி நிறைய இருக்கிறது. நாவற்பழத் தோலின் ஊதா நிறத்துக்குக் காரணமான அந்தோசயனின் நிறப்பொருள்தான், வெளிநாட்டில் காசு கொட்டி வாங்கும் புளூபெரியிலும் இருக்கிறது. நார்ப்பொருள் உள்ள எந்தப் பழமும் உதவும். குடலில் பித்தத்தைப் பிடித்து வெளியேற்ற நார்ப்பொருள் உதவுகிறது, புதிய பித்தம் செய்ய ஈரல் இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ரோலை எடுக்கிறது. இது உண்மை. இதன் அளவு சிறியது என்பதும் உண்மை. பழத்தைப் பிழிந்து வடித்துப் போத்தலில் அடைத்தால் அந்த நார்ப்பொருளில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நெல்லியை வைத்து ஆராய்ச்சி நடந்திருக்கிறதா? நடந்திருக்கிறது. இந்தியாவில் 2012ல் வந்த ஓர் ஆய்வில் 60 பேர், 42 நாட்கள். 2019ல் வந்த இன்னொன்றில் 98 பேர், 12 வாரங்கள். இரண்டிலும் கொலஸ்ட்ரோல் குறைந்தது. விளம்பரக்காரர்கள் இதைக் காட்டுவார்கள். ஆனால் அவர்கள் காட்டாத ஒன்றைக் கேளுங்கள். அந்த 42 நாளில், அந்த 12 வாரத்தில் யாருக்கு அட்டாக் வரவில்லை, யார் மௌத்தாகாமல் தப்பினார்கள் என்று அந்த ஆய்வுகளால் சொல்ல முடியாது. ஆட்களும் குறைவு, நாட்களும் குறைவு. இரத்தப் பரிசோதனைத் துண்டில் ஓர் இலக்கம் குறைவது வேறு, ஒரு மனிதர் தன் பிள்ளைகளோடு இன்னும் பத்து வருடம் இருப்பது வேறு.

இப்போது நாம் பயப்படும் அந்த 'இங்கிலீஷ் மருந்தை' எடுத்துக்கொள்ளுங்கள். முதலில், அது இங்கிலீஷே இல்லை. ஜப்பானைச் சேர்ந்த அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சண இனங்களைச் சோதித்து, 1973ல் இந்த வகை மருந்தின் முதலாவது பொருளைக் கண்டுபிடித்தார். அந்தப் பூஞ்சணம் எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? கியோட்டோ நகரத்து தானியக் கடை ஒன்றின் அரிசியிலிருந்து. நெல் விளையும் ஊர்க்காரர் நாம், அரிசியில் பிடித்த பூஞ்சணத்தில் கிடைத்த மருந்தை 'இயற்கை இல்லை' என்கிறோம். கலரும் சீனியும் போட்டுத் தொழிற்சாலையில் அடைத்த போத்தலை 'இயற்கை' என்கிறோம்.

இரண்டாவது, அதைச் சோதித்த விதம். 1994ல் ஸ்கண்டிநேவிய நாடுகளின் ஆய்வு ஒன்று வெளிவந்தது. ஏற்கெனவே இதய நோய் வந்த 4,444 பேர். பாதிப் பேருக்கு சிம்வாஸ்டட்டின், மறுபாதிக்கு மருந்தே இல்லாத வெறும் குளிசை. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, குடிப்பவருக்கும் தெரியாது. ஐந்து வருடத்துக்கு மேல் பார்த்தார்கள். வெறும் குளிசை போட்ட பக்கத்தில் 256 பேர் இறந்தார்கள். மருந்து போட்ட பக்கத்தில் 182 பேர். அந்த வித்தியாசம் 74 உயிர். 74 வாப்பாமார், உம்மாமார். எந்த பெர்ரிப் போத்தலாவது இப்படி ஒரு கணக்கைக் காட்டட்டும், நாங்களே வாங்கி ஊருக்கெல்லாம் பங்கிடுகிறோம்.

'அடைப்பைக் கரைக்கும்' என்ற சொல் இன்னும் பெரிய பொய். நாடி என்பது சமையலறைத் தண்ணீர்க் குழாய் மாதிரி, உள்ளே அழுக்கு ஒட்டியிருக்கும், ஏதோ ஒன்றை ஊற்றினால் கழுவிக்கொண்டு போகும் என்று நினைக்கிறோம். அந்தக் கொழுப்புப் படிவு குழாய்க்குள் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, நாடியின் சுவருக்குள்ளேயே பல வருடங்களாக வளர்கிறது. ஒரு நாள் அதன் மூடி வெடிக்கும். வெடித்த இடத்தில் இரத்தம் உறையும். உறைந்த கட்டி வழியை அடைக்கும். அதுதான் அட்டாக். அஸ்பிரின் இரத்தம் அப்படிக் கட்டியாகும் போக்கைக் குறைக்கிறது. ஸ்டட்டின் எல்டிஎல்லைக் குறைத்து அந்த மூடி வெடிக்காமல் உறுதியாக்க உதவுகிறது. இந்த இரண்டையும் நிறுத்திவிட்டு ஜூஸ் குடிப்பது, வாய்க்கால் கட்டை வெட்டிவிட்டு வயலுக்குத் தண்ணீர் வரக் காத்திருப்பது போன்றது.

'பழம்தானே, ஒன்றும் செய்யாது' என்பதும் சரியில்லை. வால்வு மாற்றி வோர்பரின் குடிப்பவர்களுக்கு, இந்த பெர்ரிப் பானங்களில் சேர்க்கப்படும் கோஜி பெர்ரியால் இரத்தம் அளவுக்கு மீறி இளகிய சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. கிரேப்ஃபுரூட் என்ற பெரிய தோடம்பழ வகை, சிம்வாஸ்டட்டின், அட்டோர்வாஸ்டட்டின் இரண்டின் அளவையும் இரத்தத்தில் கூட்டும். அப்படியிருக்க, ஏழு பெர்ரி என்று எழுதிய போத்தலில் எந்த ஏழு, எவ்வளவு என்று எங்கே எழுதியிருக்கிறது? எங்கள் வீட்டுப் போத்தலில் செய்தவரின் முகவரிகூட இல்லை.

இனி, மார்க்கத்தை வைத்துச் செய்யும் வியாபாரம். இதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

இந்தப் பானங்களோடு அஜ்வா கொட்டைத் தூளும் வருகிறது. தாவரவியல் கணக்கில் பேரீச்சம்பழமும் பெர்ரி வகைதான், ஆகவே அதுவும் நம் தலைப்புக்குள் அடங்கும். ஆதாரமாக ஸஃத் இப்னு அபீ வக்காஸ் (ரழி) அவர்களின் சம்பவத்தை எடுத்துப் போடுகிறார்கள். அபூதாவூதில் வரும் அறிவிப்பு. அதன் தரம் பற்றி அறிஞர்களிடையே பேச்சு இருக்கிறது, அதை உலமாக்களிடம் விடுகிறோம். அவர் நோயுற்றிருந்தபோது நபி (ஸல்) அவர்கள் பார்க்கச் சென்று, நெஞ்சில் கை வைத்து, இது இதயத்து நோய் என்று சொல்லி, மதீனத்து அஜ்வாவைக் கொட்டையோடு இடித்துக் கொடுப்பது பற்றிச் சொன்னதாக வருகிறது. விளம்பரத்தில் இந்தப் பகுதிதான் இருக்கும். அதே அறிவிப்பில், அதற்கு முன்னால் உள்ள பகுதி எங்கே? ஸகீஃப் குலத்து அல்ஹாரிஸ் இப்னு கலதாவிடம் போ, அவர் வைத்தியம் தெரிந்தவர் என்று சொன்னதாகவும் அதில் வருகிறதே! வைத்தியரிடம் போகச் சொன்ன பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, பழத்தை மட்டும் எடுத்து 4,500 ரூபாவுக்கு விற்பதற்குப் பெயர் சுன்னாவா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கத்தில், கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டு ஒரு போத்தலை நீட்டுகிறார்கள்.

வைத்தியர்களை நாங்கள் சொல்லவில்லை. 1961ன் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதிவு செய்து, நாடி பார்த்து, பெயர் எழுதிக் கையொப்பம் வைத்து மருந்து தரும் வைத்தியர்களும் யூனானி ஹக்கீம்களும் வேறு. தொற்றா நோய்களுக்கென்றே ஓர் ஆயுர்வேத ஆராய்ச்சி வைத்தியசாலை நம் நிந்தவூரிலேயே இருக்கிறது. நெல்லியில் நம்பிக்கை உள்ளவர் அங்கே போகலாம், போடும் குளிசைகளின் பெயரைச் சொல்லிக் கேட்கலாம். அதற்கு 4,500 ரூபா தேவையில்லை. வட்ஸ்அப்பில் உள்ள மனிதரிடம் எந்தப் பதிவு இலக்கம் இருக்கிறது?

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்த ஒரு பாடம் உண்டு. பிள்ளை பிழையான விடை சொன்னால், அந்த விடைக்குப் பின்னால் பிள்ளையிடம் உள்ள நியாயத்தைத் தேடு என்பார்கள். நம் சனத்துக்கும் நியாயம் இருக்கிறது. 2022 நெருக்கடியில் கிளினிக்கில் குளிசை இல்லை, வெளியே வாங்க எழுதிக் கொடுத்தார்கள், பார்மசியில் விலையைக் கேட்டுத் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர். விடியக் காலையில் நம்பர் எடுத்து மத்தியானம் வரை காத்திருந்து இரண்டு நிமிடம் டொக்டரைப் பார்க்கிறோம். குளிசை எதற்கு என்று விளக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. சிலருக்கு ஸ்டட்டினால் தசை நோவு வருவதும் உண்மை. அதைச் சொன்னால் அளவைக் குறைக்கவோ வேறு ஒன்றுக்கு மாற்றவோ முடியும், ஆனால் சொல்லப் பயம். போத்தல் விற்பவரோ வீட்டுக்கு வருகிறார், உட்காருகிறார், "எப்படி இருக்கீங்க காக்கா" என்று கேட்கிறார். அவர் விற்பதில் பாதி அந்த விசாரிப்புத்தான். சுகாதாரத் துறையினருக்கும் இதில் படிப்பினை உண்டு.

ஆனால் இன்னொரு காரணமும் உண்டு, அது நமக்குக் கசக்கும். போத்தல் நம்மிடம் எதையும் விடச் சொல்வதில்லை. புரியாணியை விடச் சொல்லாது. சிகரட்டை விடச் சொல்லாது. நடக்கச் சொல்லாது. அதனால்தான் அது நமக்கு இனிக்கிறது.

ஒரு கலியாண வீட்டைப் பாருங்கள். சஹனில் நெய்ச்சோறு, அதன் மேல் மாட்டிறைச்சி, பக்கத்தில் பொரித்த கோழி, பிறகு தேங்காய்ப் பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்ந்த வட்டிலப்பம், கையில் சோடா. இரவானால் கொத்து. காலையில் பராட்டா. நோன்பு காலத்தில் பகல் முழுக்கப் பட்டினி கிடந்து, மஃரிபுக்குப் பிறகு சமோசாவும் ரோல்ஸும். ஒரு நாளைக்கு ஆறு பிளேன்டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. நெய், கொழுப்பு இறைச்சி, தேங்காய் எண்ணெய் இவற்றில் உள்ள நிரம்பிய கொழுப்பு, ஈரல் எல்டிஎல்லை இரத்தத்திலிருந்து எடுக்கும் வேகத்தைக் குறைக்கிறது. சீனியும் தீட்டிய வெள்ளை அரிசியும் கோதுமை மாவும் ட்ரைகிளிசரைட்டைக் கூட்டுகின்றன. வயிற்றில் மூன்றில் ஒரு பங்குதான் சாப்பாட்டுக்கு என்று கற்றுத் தந்த உம்மத், மூன்று பங்கையும் நிரப்பிவிட்டு நாலாவது பங்குக்குப் பெர்ரி ஜூஸ் தேடுகிறது.

பெர்ரியால் ஓர் ஊர் தப்பிய கதை உண்மையிலேயே ஒன்று இருக்கிறது. விளம்பரக்காரர் சொல்லாத கதை. பின்லாந்தில் வட கரேலியா என்று ஒரு மாகாணம். 1960களின் கடைசியில் அங்குள்ள ஆண்கள் நடுவயதில் மாரடைப்பால் விழுந்துகொண்டிருந்தார்கள். பால் மாடு வளர்க்கும் நாடு. பாணில் தடிப்பாக பட்டர், கொழுப்போடு பால், உப்பு, சிகரட். மக்களே அரசாங்கத்திடம் முறையிட்டார்கள். 1972ல் பெக்கா புஸ்கா என்ற, முப்பது வயதுகூட ஆகாத ஒரு டொக்டரின் தலைமையில் வேலை தொடங்கியது. அவர்கள் போத்தல் விற்கவில்லை. பெண்கள் சங்கத்தாரோடு சேர்ந்து ஊர் ஊராகச் சமைத்துக் காட்டினார்கள். பட்டரைக் குறைத்துத் தாவர எண்ணெய்க்கு மாறினார்கள். சிகரட்டைக் குறைத்தார்கள். எங்கள் பால் விற்காவிட்டால் நாங்கள் எப்படி வாழ்வது என்று பண்ணைக்காரர் கேட்டபோது, பெர்ரிப் பயிருக்கு மாற உதவினார்கள். கிராமத்துக்குக் கிராமம் கொலஸ்ட்ரோல் குறைக்கும் போட்டிகூட வைத்தார்கள். முப்பத்தைந்து வருடங்களில் அந்த மாகாணத்தில் உழைக்கும் வயது ஆண்களின் மாரடைப்பு மரணம் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் குறைந்தது. பெர்ரி அங்கே இருந்தது. பட்டர் இருந்த இடத்துக்கு அது வந்தது. நாமோ பட்டரையும் நெய்யையும் வைத்துக்கொண்டு அதற்கு மேல் பெர்ரியை ஊற்றுகிறோம்.

அவர்களால் முடிந்தால் நம்மால் ஏன் முடியாது? கடல் நம் வாசலில் இருக்கிறது. சாளையும் சூடையும் கீரியும் இதயத்துக்கு நல்ல மீன்கள், பொரிக்காமல் ஆக்கினால். முருங்கை இலையும் வல்லாரையும் பொன்னாங்காணியும் வேலியோரம் கிடைக்கும். பருப்பு, கௌபி, பயறு, தீட்டாத சிவப்பரிசி இருக்கிறது. நெல்லியைக் கடித்துத் தின்னுங்கள், சீனிப் பாகில் போடாமல். நாவல் காலத்தில் நாவலைத் தின்னுங்கள். பிள்ளைகளுக்கு அதை வாங்கிக் கொடுங்கள், நாக்கு ஊதாவாகட்டும். ஆனால் அதை மருந்து என்று சொல்லிக் கொடுக்காதீர்கள், சாப்பாடு என்று சொல்லிக் கொடுங்கள்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

கிளினிக்கில் தந்த குளிசையை யாருடைய பேச்சைக் கேட்டும் நிறுத்தாதீர்கள். ஒத்துவரவில்லை என்றால் தந்த டொக்டரிடமே போய்ச் சொல்லுங்கள். பிள்ளைகளே, வாப்பா உம்மாவின் குளிசைப் பெட்டியை வாரத்தில் ஒரு நாள் திறந்து பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை.

35 வயது தாண்டியவர்கள், அரசாங்க வைத்தியசாலைகளில் 2011லிருந்து நடத்தப்படும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களுக்குப் போய்ப் பிரஷரையும் சீனியையும் பாருங்கள். காசில்லை. நம் நாட்டில் நிகழும் பத்து மரணங்களில் எட்டுத் தொற்றா நோய்களால் வருகிறது. நெஞ்சு நோவென்றால் சோடா குடித்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் 1990க்கு அடியுங்கள்.

பள்ளி நிருவாகிகளே, வருடத்தில் ஒரு ஜும்ஆவை இதற்குத் தாருங்கள். பள்ளிக்கு முன்னால் சுன்னா மருந்து என்று மேசை போடுபவரிடம் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். குரூப் அட்மின்மாரே, ஜனாஸா அறிவித்தலுக்குக் கீழே போத்தல் விற்க இடம் கொடுக்காதீர்கள். கலியாணம் எடுப்பவர்களே, சஹனில் ஒரு இறைச்சியைக் குறைத்து ஒரு கீரையைக் கூட்டுங்கள். யாரும் குறை சொன்னால் இந்தப் பதிவைக் காட்டுங்கள், பழி எங்கள் மேல் வரட்டும்.

கிரிக்கெட்டிலும் உதைபந்தாட்டத்திலும் சாய்ந்தமருதோடும் அட்டாளைச்சேனையோடும் மோதத் தெரிந்த நமக்கு, கரேலியாக் கிராமங்களைப் போல இடுப்புச் சுற்றளவைக் குறைப்பதிலும் ஒரு போட்டி வைக்கத் தெரியாதா? வையுங்கள், பரிசுக்கு நாங்கள் பொறுப்பு. மூன்று போத்தலுக்குக் கொடுத்த காசு 13,500 ரூபா. இனி அப்படிச் செலவழிக்கப் போவதில்லை, அந்தளவு காசு பரிசுக்குப் போகட்டும்.

கடைசிப் போத்தலில் பாதி இன்னும் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. வாப்பா அதை எறியச் சொன்னார். நாங்கள் எறியவில்லை. அடுத்த தவணை பத்தாம் ஆண்டு வகுப்புக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்து, லேபிளை வாசிக்கச் சொல்லப் போகிறோம். எது எழுதியிருக்கிறது, எது எழுதப்படவில்லை என்று பிள்ளைகள் எண்ணட்டும்.

வாப்பாவுக்கு துஆச் செய்யுங்கள். அல்லாஹ் நம் எல்லோருக்கும் ஆரோக்கியத்தையும், நல்லதையும் பொய்யையும் பிரித்தறியும் புத்தியையும் தருவானாக.

வஸ்ஸலாம்.